சபர் (பிழைப்புக்காக வெளிநாட்டுப் பயணம்) போகிறவர்களுக்கு: வெளிநாட்டில் மனச்சோர்வு மாத்திரை இடையில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை நெடுகிலும் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. துபாயிலும் ரியாத்திலும் தோஹாவிலும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், பஹ்ரைன் மீன்பிடிப் படகுகளிலும் இருக்கும் அவர்களில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தினமும் மாத்திரை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையைப் பற்றி யாரிடமும் கேட்கத் தயங்காதவர்கள் இந்த மாத்திரையைப் பற்றிக் கேட்கக் கூசுகிறார்கள். அதனால் கையிருப்பு தீர்ந்தபின் என்ன செய்வது என்ற கேள்வி கடைசி அட்டையைப் பிரிக்கும் நாளில்தான் எழுகிறது. ஊரிலிருந்து மாத்திரை வரவழைத்தே காலம் தள்ளலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ஊரிலிருந்து முறையான காகிதங்களைக் கொண்டுபோய், போன நாட்டிலேயே ஒரு மருத்துவரிடம் தொடர்ந்து காட்டி வாங்குவதே பாதுகாப்பான வழி என்பது என் உறுதியான கருத்து. அதை எப்படிச் செய்வது என்பதைப் புறப்படுவதற்கு முந்தைய வாரங்களிலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்புறத்தைப் படியுங்கள். முன்புறம் பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர். அது இந்தியாவுக்கு வெளியே பெரும்பாலும் செல்லாது. பின்புறம் சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் ஜெனரிக் பெயர்: எசிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின், பாராக்செட்டின், வென்லாஃபாக்சின், டுலாக்செட்டின், மிர்ட்டாசபின், அமிட்ரிப்டிலின் என்று ஏதேனும் ஒன்று இருக்கும். அதன் அருகில் எத்தனை மில்லிகிராம் என்பதும், சாதாரண மாத்திரையா மெதுவாகக் கரையும் வகையா என்பதும் இருக்கும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் வகையைக் குறிக்கும் சி.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். போன்ற எழுத்துகளை விட்டுவிட்டால் அளவே மாறிப்போகும். பாராக்செட்டினில் மெதுவாகக் கரையும் 25 மில்லிகிராம், சாதாரண வகையின் 20 மில்லிகிராமுக்கு ஈடானது என்பதால், எண்ணை மட்டும் காட்டிக் கேட்டால் மருந்தாளுநர் குழம்பத்தான் செய்வார். எசிட்டாலோபிராம் வளைகுடாக் கடைகளில் சிப்ராலெக்ஸ் என்ற பெயரில் இருக்கும்; ஊரில் வாங்கிய பெயரை மட்டும் சொன்னால் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

பின்புறத்தில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பெயர்கள் இருந்தால் அங்கே நின்று நிதானியுங்கள். இந்தியாவில் மனச்சோர்வு மருந்தோடு குளோனசெபாம் என்ற பதற்ற மருந்தைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கும் வழக்கம் மிகுதி. 'எசிட்டாலோபிராம் 10 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி.' என்று அச்சிட்ட அட்டை நம் ஊர் மெடிக்கல்களில் அன்றாடம் கைமாறும் சரக்கு. முன்புறத்தில், பெயரின் கடைசியில் வரும் 'பிளஸ்' போன்ற ஒரு சொல் மட்டுமே அதில் இன்னொரு மருந்து இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். எசிட்டாலோபிராம் பெரும்பாலான நாடுகளில் சாதாரண மருந்துச் சீட்டு மாத்திரைதான். குளோனசெபாம் அப்படி இல்லை. அது 1971ஆம் ஆண்டின் மனமருட்சிப் பொருள்கள் உடன்படிக்கையின் கீழ் உலகெங்கும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, இந்தியாவிலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பது. அல்பிரசோலாம், டயசெபாம், லோரசெபாம், குளோர்டயசெபாக்சைடு ஆகியவையும் அதே வகை. எட்டிசோலாம் 2020இல் அந்த உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. தான் மனச்சோர்வு மாத்திரை மட்டுமே கொண்டுபோவதாக நம்பிக்கொண்டு, அனுமதி இல்லாமல் கட்டுப்பாட்டு மருந்தோடு விமானம் ஏறுகிறவர் இப்படித்தான் உருவாகிறார்.

ஆகவே இரண்டு மருந்து கலந்த மாத்திரை எடுப்பவர்கள் பயணத்துக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே தங்கள் மனநல மருத்துவரிடம் போய், "டாக்டர், நான் வெளிநாடு போகிறேன், இதில் குளோனசெபாம் எனக்கு இன்னும் தேவைதானா?" என்று நேராகக் கேளுங்கள். தேவையில்லை என்று அவர் கருதினால் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். அதற்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கும், சிலருக்கு மாதங்களும் ஆகலாம். நெடுநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரக்கூடும் என்பதால், விமான நிலையத்துக்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. தேவைதான் என்று சொன்னால், இரண்டையும் தனித்தனி மாத்திரைகளாக எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போது கட்டுப்பாடற்ற மருந்தை எளிதாகக் கொண்டுபோகலாம். கட்டுப்பாட்டு மருந்துக்கு மட்டும் முன் அனுமதி கேட்கலாம். ஃபுளூபென்டிக்சாலும் மெலிட்ராசெனும் கலந்த மாத்திரை எடுப்பவர்களும் புறப்படும் முன் கேட்டாக வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவும் பிரிட்டனும் அதற்கு ஒப்புதல் தரவில்லை. மலிவான, எங்கும் கிடைக்கும் மருந்து ஒன்றுக்கு ஊரிலேயே மாறி, அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்தது மருத்துவரின் கடிதம். அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு மட்டும் போதாது. அந்தச் சீட்டில் கவுண்டரில் நீங்கள் சொன்ன பெயர்தான் இருக்கும், 'எஸ். ராஜா, ஆண், 34' என்ற அளவோடு முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் அதே ஆள், தந்தையின் முழுப் பெயரும் சேர்ந்து வேறு ஒருவரைப் போலத் தெரிவார். சுங்க அதிகாரிக்கு இந்த இரண்டும் ஒருவர்தான் என்று விளங்க வைப்பது உங்கள் வேலையாகிவிடும். எனவே கடிதம் ஆங்கிலத்தில், தலைப்பு அச்சிட்ட தாளில், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரோடும் பிறந்த தேதியோடும் இருக்கட்டும். நோயின் பெயர், மருந்துகளின் ஜெனரிக் பெயர், மில்லிகிராம், வேளைக்கு எத்தனை, எப்போதிலிருந்து எடுக்கிறார், இனி எத்தனை காலம் தொடர வேண்டும், முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பனவும் வேண்டும். கீழே மருத்துவரின் கையொப்பம், முத்திரை, மருத்துவக் கவுன்சில் பதிவு எண், தொடர்பு எண் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். மருந்துகளை ஜெனரிக் பெயரில், தெளிவாகப் படிக்கும்படி எழுத வேண்டும் என்பது இந்திய மருத்துவர்களுக்கு 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி விதியாகவே உள்ளது. ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம்களிலோ மருந்து வாங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணி, கத்தரித்துத் தரும் மாத்திரைத் துண்டுகளில் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி வேறொரு துண்டிலும் போய்விடும். சில நேரம் வெறும் காகித உறைதான் இருக்கும். உள்ளூரில் இதனால் ஒரு குறையும் இல்லை. விமானப் பயணத்துக்கு மட்டும், அதே மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, முழு அட்டைகளாக, பில்லோடு வாங்கிக்கொள்ளுங்கள். மனச்சோர்வு மருந்துகளின் சாதாரண ஜெனரிக் வகைகள் பெருஞ்செலவு வைப்பவை அல்ல.

எவ்வளவு கொண்டுபோகலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். கட்டுப்பாட்டு மருந்துகளுக்குப் பல நாடுகள் 30 நாள் அளவையே எல்லையாக வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் சாதாரண மருந்துச் சீட்டு மாத்திரைகளைச் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுவரை கொண்டுபோகலாம். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகைகளுக்கு அந்நாட்டு சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு இணையவழி முன் அனுமதி கேட்கிறது. சவூதியில் உணவு, மருந்து ஆணையத்தின் இணையப் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உம்ரா செல்கிறவர்கள், பத்துப் பதினைந்து நாள் பயணம்தானே என்று இதைத் தவிர்த்துவிடக் கூடாது. வியன்னாவிலுள்ள சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் நாடுவாரியாக விதிகள் தொகுக்கப்பட்டுள்ளன. அதையும் அந்தந்த நாட்டு அரசுப் பக்கத்தையும் டிக்கெட் போடும் நாளிலேயே பார்த்துவிடுவது நல்லது. டிராவல்ஸ்காரர் சொல்லும் விவரமும், போன வருடம் போய் வந்தவர் சொல்லும் விவரமும் இதற்கு ஈடாகா. முதுகுவலிக்கு டிரமடாலோ நரம்பு வலிக்குப் பிரிகாபலினோ எடுப்பவர்கள், மனநல மருந்தைவிட அவற்றால்தான் வளைகுடாவில் பெரிய சிக்கலுக்கு உள்ளாவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். கடிதத்தின் ஒரு நகலை மாத்திரையோடும், இன்னொன்றைப் பாஸ்போர்ட்டோடும், ஒரு படத்தைத் தொலைபேசியிலும் வைத்துக்கொண்டால் போதும்.

பார்சலில் கொடுத்து அனுப்புவது பற்றி

நம் பக்கத்தில் ஆள் போகிறதென்றால் பார்சல் போகும். கீழக்கரைத் தொதலும், கருவாடும், ஊறுகாயும், தைத்த துணியும் சேர்ந்த அந்தப் பெட்டிக்குள் ஓர் உறையில் மாத்திரையும் போகும். அன்பினால் செய்வதுதான், மகன் அங்கே மருந்தில்லாமல் திண்டாடுகிறான் என்றால் எந்தத் தாய்க்கும் வேறு வழி தோன்றாது. ஆனாலும் இதைச் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். கொண்டுபோகிறவரின் பெயரில் மருந்துச் சீட்டு இல்லை. மருந்து எதற்கு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அதில் குளோனசெபாம் இருப்பது கொடுத்தவருக்கே தெரியாது. கத்தாரிலுள்ள இந்தியத் தூதரகம், பிறர் கொடுக்கும் பொட்டலங்களை வாங்கி வர வேண்டாம் என்றும், அல்பிரசோலாம், டயசெபாம், டிரமடால், பிரிகாபலின் போன்றவை அங்கே தடைக்குள்ளானவை என்றும் எச்சரித்திருக்கிறது. 2019இல் மும்பையைச் சேர்ந்த தம்பதியர், உறவினர் கொடுத்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்ததால் தோஹா விமான நிலையத்தில் கைதாகி, பத்தாண்டுத் தண்டனை பெற்று, 2021இல்தான் விடுதலையானார்கள். அது மருந்து அல்ல, வேறு பொருள். எனினும் பையைச் சுமந்தவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. கூரியரும் தீர்வாகாது, தனிநபருக்கு அஞ்சலில் வரும் மருந்தை இறக்குமதியாகக் கருதி நிறுத்தி வைக்கும் நாடுகள் பல.

போன இடத்தில் மருத்துவரைப் பிடித்துக்கொள்வது

கையில் மூன்று மாத மருந்து இருக்கிறதே என்று சும்மா இருக்காமல், போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைத் தொடங்குங்கள். இந்திய மருத்துவரின் சீட்டைக் காட்டி அங்குள்ள மருந்துக்கடையில் வாங்க முடியாது. அந்நாட்டில் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுதான் செல்லும். ஊர் மருத்துவரிடம் வீடியோ அழைப்பில் பேசிச் சீட்டு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், நாட்டுக்கு வெளியே நடக்கும் ஆலோசனைகளைத் தங்கள் வரம்பிலிருந்தே விலக்கிவிட்டன. உங்கள் நோயின் வரலாற்றை அங்குள்ள மருத்துவருக்கு விளக்கி ஒரு மடல் எழுத ஊர் மருத்துவர் முன்வரலாம். அது பெரிய உதவி. சீட்டு மட்டும் அங்கேதான் கிடைக்க வேண்டும்.

முதலில் இன்சூரன்ஸ் அட்டையின் பின்னாலுள்ள எண்ணை அழைத்து, மனநல சிகிச்சைக்கு ஈடு உண்டா, எவ்வளவு வரை, எந்தெந்த மருத்துவமனை என்று கேளுங்கள். பிறகு நீங்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்புக்கு அருகிலுள்ள பாலிகிளினிக்கில் பொது மருத்துவரைப் பாருங்கள். தமிழோ மலையாளமோ பேசும் மருத்துவர் வளைகுடா நகரங்களில் கிடைப்பது கடினமல்ல. மனச்சோர்வு மாத்திரையைப் பொது மருத்துவரே எழுதித் தரக்கூடும்; தராவிட்டால் மனநல மருத்துவருக்கு அனுப்புவார். அரசுத் தரப்பில் தோஹாவில் ஹமது மருத்துவக் கழகத்தின் மனநலப் பிரிவும், மஸ்கட் அருகே அல் மசர்ரா மருத்துவமனையும், துபாயில் அல் அமல் மருத்துவமனையும், சிங்கப்பூரில் மனநலக் கழகமும் இருக்கின்றன. சவூதியில் 937 என்ற எண்ணில் சுகாதார அமைச்சகத்திடமே வழி கேட்கலாம். கத்தாரில் 16000 என்ற எண்ணில் மனநல உதவி கிடைக்கும்.

மருத்துவரிடம் கடிதத்தையும் பழைய அட்டையையும் கொடுத்து, "இந்த மருந்து இத்தனை காலமாக எடுக்கிறேன், இது எனக்கு ஒத்துக்கொள்கிறது, இதையே தொடர வேண்டும்" என்று சொல்லுங்கள். புதிய பெட்டியை வாங்கியதும் ஜெனரிக் பெயரையும் மில்லிகிராமையும் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறமும் வடிவமும் மாறியிருப்பது இயல்புதான். மூன்று வார மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்த சந்திப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். பெருநாள் விடுமுறைகளில் கிளினிக்குகள் அடைத்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அந்த அச்சத்தை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனி டாக்டரிடம் போக மனமில்லாவிட்டால், சொந்தச் செலவில் வெளிக் கிளினிக்குக்குப் போவது உங்கள் உரிமை. ஆனால் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் எழுத்தில் கேட்கும் கேள்விக்குப் பொய் எழுதாதீர்கள். நோய் கட்டுக்குள் இருக்கிறது, வேலை செய்யத் தகுதியுடையவர் என்று மனநல மருத்துவரிடம் சான்று வாங்கி வைப்பதே துணை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட பிறகு, தர்கா வளாகத்தையொட்டியே அரசு மனநல மருத்துவர்கள் அமரும் ஏற்பாடு வந்தது. துஆவும் (பிரார்த்தனையும்) மருந்தும் ஒன்றையொன்று தடுப்பதில்லை என்பதை நம் மாவட்டம் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. அந்தத் தெளிவைக் கடல் தாண்டும்போது விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

மாத்திரை தீர்ந்தேவிட்டால்

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது அவசரம். வென்லாஃபாக்சின் உடம்பை விட்டு மிக விரைவில் வெளியேறும். ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலைசுற்றும். பாராக்செட்டினும் அப்படித்தான். ஃபுளுவாக்செட்டின் மட்டும் வாரக்கணக்கில் உடம்பில் தங்குவதால் சற்று அவகாசம் தரும். மற்றவற்றை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதைப் போன்ற வெட்டுகள் தோன்றலாம். இதைக் காய்ச்சல் என்றோ வெயில் அடித்தது என்றோ நினைத்துப் பாராசிட்டமாலோடு படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போய், மருந்து நின்றுபோன நாளைச் சொல்லுங்கள்.

நான்கு மாத்திரை மிச்சமிருக்கிறது, ஒன்றுவிட்டு ஒருநாள் எடுக்கலாம் என்று நீங்களாக முடிவு செய்வது விரைவில் வெளியேறும் மருந்துகளில் தினமும் ஏற்ற இறக்கத்தையே உண்டாக்கும். விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து இரண்டாக எடுக்கவும் கூடாது. பக்கத்துக் கட்டில்காரரின் மாத்திரை வேண்டவே வேண்டாம். பல நாள் இடைவெளி விழுந்துவிட்டால் பழைய முழு அளவில் தொடங்காமல், எந்த அளவில் தொடங்குவது என்று மருத்துவரைக் கேளுங்கள். முதுகுவலி, இருமல், பல்வலி என்று வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லியாக வேண்டும்: டிரமடாலும், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் மருந்தும் இதோடு சேர்ந்தால் ஆபத்தான எதிர்வினை வரலாம், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மாத்திரைக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, அறையில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்; அவரோடு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அமீரகத்தில் 998, சவூதியில் 997, சிங்கப்பூரில் 995, கத்தாரிலும் மலேசியாவிலும் 999 என்ற எண்ணில் ஆம்புலன்ஸ் வரும். ஊரிலிருக்கும் குடும்பத்தார் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கடலிலும் நோன்பிலும் வெயிலிலும்

மீன்பிடிப் படகில் போகிறவர்கள், கரைக்குத் திரும்பும் நாள் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொண்டே மருந்தை எடுத்துப் போக வேண்டும். உப்புத் தண்ணீர் படாத டப்பாவில், இயந்திரத்தின் சூடு தாக்காத இடத்தில் வையுங்கள். தூக்கம் வரவழைக்கும் மிர்ட்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை எடுப்பவர்கள் இரவில் வலை இழுக்கும் முறை வந்தால் எப்போது எடுப்பது என்று முன்பே கேட்டு வைப்பது அவசியம். நோன்பு மாதத்தில், நாளுக்கு ஒரு வேளை எடுக்கும் மாத்திரைகளை நோன்பு திறந்தபின் அல்லது சஹரில் (விடியலுக்கு முன் உண்ணும் வேளையில்) எடுக்கும்படி மாற்றிக்கொள்ள முடியும். இரண்டு வேளை மருந்தானால் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தும் சேர்த்து எடுப்பவர்களுக்கு நோன்பும் கோடை வெயிலில் திறந்தவெளி வேலையும் உண்மையிலேயே ஆபத்தானவை. உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு நச்சாகும் வரை ஏறலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் நோன்பைத் தொடங்கக் கூடாது.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது, அங்கே எழுதித் தந்த சீட்டையும் காலிப் பெட்டியையும் கொண்டுவந்து உங்கள் பழைய மருத்துவரிடம் காட்டுங்கள். அளவு மாறியிருந்தால் அவருடைய கோப்பிலும் மாற வேண்டும். கடிதத்தை அன்றைய தேதியிட்டுப் புதிதாக எழுதி வாங்கிக்கொண்டு திரும்புங்கள், ஏனென்றால் ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் முந்தைய கடிதத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை.